வெள்ளை வயர்

பேட்டை ரோட்டில் என் கடை.
ஆற்றுவெள்ளம் வந்த வருஷம் சிக்கிய சட்டர்,
அரைவாசிதான் மேலே போகும்.
குனிந்துதான் வரவேண்டும் எல்லோரும்.

குனிந்து வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்:
"அண்ணே, வண்டி இருபத்தஞ்சுக்கு மேல போமாட்டுக்கு."

சீட்டைத் தூக்கினால் கண்ட்ரோலர்.
அதிலிருந்து ஒரு வெள்ளை வயர்,
அரைஞாண் கயிறு தடிமன்கூட இல்லை.
நறுக்கினால் நாற்பத்தைந்து.
முன்னூறு ரூபாய். டீ அவர்கள் கணக்கு.

இருபத்தைந்து வரைக்கும்
லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்,
சட்டத்துக்கு அது சைக்கிளின் தம்பி.
வயரை நறுக்கிக்கொண்டு போகிறவன்
எந்த ஏட்டிலும் இல்லாத வண்டியில்
எந்த ஏட்டிலும் இல்லாத ஆளாகப் போகிறான்.
எனக்குத் தெரியாதா இது?
தெரிந்துதான் முன்னூறு.
தெரியாதிருந்தால் நூற்றைம்பது.

போன வியாழன் பள்ளிக்கூடத்தில் கூட்டம்.
எஸ்.ஐ. உலகம்மாள் ஆள் விட்டிருந்தார்:
பேட்டரி பற்றிச் சொல்ல ஒரு மெக்கானிக் வேண்டுமாம்.
இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.
ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்,
மாடிப்படிக்கு அடியில் போடாதீர்கள்,
தண்ணீரில் முங்கின பேட்டரியை
துண்டால் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.
நன்றாகத்தான் பேசினேன்.
கை தட்டினார்கள்.

பிறகு அவர் மைக்கை வாங்கினார்.
"எல்லாரும் கண்ணை மூடுங்க.
பின்னால வண்டி வர்ற மாதிரி இருந்தா
கையைத் தூக்குங்க."

இருநூறு பிள்ளைகள்.
வேப்பமரத்தில் காக்கை.
ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் கூவி ஓய்ந்தது.
யாரோ தும்மினார்கள், யாரோ சிரித்தார்கள்.

"திறங்க."

மேடைக்கு முன்னால் நின்றது வண்டி,
ஸ்டாண்டிலிருந்து எடுத்த ஏதோ பிள்ளையின் வண்டி.
இருநூறு பேருக்கு நடுவே வந்திருக்கிறது.
ஒரு கை எழவில்லை.
"ரோட்டைக் கடக்கிற ஆளு
நீங்கன்னு வச்சுக்கிடுங்க" என்றார்.
அதற்குமேல் பேசவில்லை.

ஒரு கை எழுந்திருக்க வேண்டும்.
எனக்குக் கேட்டது.
வயர் நறுக்கிய மோட்டார் இழுக்கும்போது
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல்
ஒரு முனகல்.
கொசு மாதிரி வந்து
என் இடது காதைத் தாண்டிப் போனது.
நான் நறுக்கியதுதான்.
கை மடியிலேயே கிடந்தது.

சாயங்காலம் ஒரு பிள்ளை குனிந்து வந்தாள்.
பதினொன்றாம் வகுப்பு, ஆவுடைக்கனி.
கடைக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"காலையில ஓட்டினது எங்க வண்டி.
வயரை ஒட்டிக் குடுங்க."

"ஏம்ளா, ஒங்க அண்ணன்லா வெட்டச் சொன்னான்?"

"நாளைக்குத் திரும்ப வருவான்.
மாட்டேன்னு நீங்க சொல்லணும்."

ஒட்டினேன். ஈயப்புகை கண்ணைக் கரித்தது.
எவ்வளவு என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.
"சும்மா செஞ்சா சொல்லமாட்டீங்க.
காசு வாங்கிக்கிடுங்க."
பஸ் டிக்கெட் மாதிரிச் சுருட்டிய
மூன்று பத்து ரூபாய்த் தாள்கள்.
ஸ்பானருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ரோட்டுக்கு வந்து காது கொடுத்தேன்.
முனகல் இல்லை.
டயர் மண்ணை மிதிக்கும் நறநறப்பு கொஞ்ச தூரம்,
அப்புறம் அதுவும் இல்லை.
அதுவும் ஒரு மாதிரி பயமாகத்தான் இருந்தது.
முக்கில் திரும்புமுன்
சின்னதாக ஒரு ஹாரன்.
அங்கே யாரும் இல்லை,
ஒரு ஆடு மட்டும் தலையைத் தூக்கியது.

நோட்டைப் பிரித்தேன்.
முப்பத்தோரு வண்டி.
பாதிப் பேருக்குத்தான் போன் நம்பர் இருக்கிறது,
மீதி "சிவப்புச் சட்டை", "டாக்டர் வீட்டுப் பையன்",
"கண்ணாடி".

முதல் நம்பருக்கு ரிங் போகிறது.
எடுத்துவிட்டான்.
"அண்ணே சொல்லுங்க" என்பதற்குப் பின்னால்
விசுவிசுவென்று காற்று.
ஓட்டிக்கொண்டே பேசுகிறான்.

"வைல போனை" என்றேன்.
"ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடு."